நைனாவின் எதிர்ச்சொற்கள்

‘ஓல்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எதிர்ச்சொல் என்ன என்று கேட்டார்கள். ‘நியூ’ என்றேன். திருப்பதியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கைப்பேசியில் ஓர் ஆங்கில அகராதி செய்யும் சின்ன அலுவலகம். மாடியில் சில மேசைகள், கீழே ஜெராக்ஸ் கடை. கேட்டவர் எங்கள் மேடம், தெலுங்குக்காரர்.

“உங்க தெருவுல ஓல்ட் மேன் ஒருத்தர் இருக்கார். அவருக்கு எதிர் நியூ மேனா?” என்று தெலுங்கிலேயே கேட்டார்.

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. மேடம் அதைக் கவனிக்காததுபோல மேலே சொன்னார். மனிதரைச் சொன்னால் எதிர்ச்சொல் ‘யங்’. துணியைச் சொன்னால் ‘நியூ’. ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டோ, அத்தனைக்கும் தனித்தனியாக உறவு பார்க்க வேண்டும். சொல்லை மொத்தமாகப் பிடித்து இன்னொரு சொல்லோடு கட்டிவிடக் கூடாது.

அதுதான் வேலை. திரையில் ஒரு பொருள் வரும். அதிலிருந்து அம்புக்குறிகள் இழுக்க வேண்டும். ஏறக்குறைய அதே பொருள் தருவதற்கு ஓர் அம்பு. எதிர்ப் பொருளுக்கு ஒன்று. ரோஜா பூவில் ஒரு வகை என்பதுபோல வகைக்கு ஒன்று, கதவு வீட்டில் ஒரு பகுதி என்பதுபோல பகுதிக்கு ஒன்று. பார்க்க எளிது. உட்கார்ந்து செய்தால்தான் தெரியும். ‘வெட்’டுக்கு எதிர் ‘டிரை’. சரி. ‘டேம்ப்’ என்றால் லேசான ஈரம். அதற்கு எதிர் என்ன? நேராக ஒன்றும் கிடையாது. அது ‘வெட்’டைப் பிடித்துக்கொண்டு, ‘வெட்’ வழியாகத்தான் ‘டிரை’யைப் போய்ப் பார்க்க முடியும். ஊரில் ஒருவரைப் பார்க்க நம் சொந்தக்காரர் ஒருவர் மூலமாகப் போவதுபோல.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நகரியில் கூலித் தறி ஓட்டுகிற குடும்பம். நான் படித்த கைடில் ‘பிக்’, ‘லார்ஜ்’, ‘கிரேட்’, ‘ஹ்யூஜ்’ எல்லாவற்றுக்கும் நடுவில் கணக்குப் பாடத்தில் வருகிற சமக்குறி போட்டிருக்கும். அப்படியே மனப்பாடம் செய்தேன். அந்தச் சமக்குறி பொய் என்று இங்கே வந்துதான் தெரிந்தது. ‘பிக் பிரதர்’ உண்டு, ‘லார்ஜ் பிரதர்’ கிடையாது. வருத்தமாக இல்லை. உண்மையில் சந்தோஷமாக இருந்தது. கையிலிருந்த காசு செல்லாது என்று தெரிவதற்குப் பதிலாக, ஒவ்வொரு காசுக்கும் தனி முகம் உண்டு என்று தெரிந்ததுபோல.

அந்த வருஷக் கோடையில் நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, பக்கவாதம் வந்தது. தறிக் கொட்டகையில், ஓடுகிற தறிக்கு முன்னாலேயே சரிந்துவிட்டார். பக்கத்துத் தறி மாமா தாங்கிப் பிடித்தார். திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வலது கையும் வலது காலும் பலமிழந்தன. பேச்சு போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் நான் குடியிருந்த வாடகை வீட்டுக்கே நைனாவையும் அம்மாவையும் கூட்டி வந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்வர வசதி. கொர்லகுண்டா பக்கம், சந்துக்குள் சந்தாக, வண்டிச் சத்தம்கூட இல்லாத இடம்.

கால் மெல்ல வந்தது. கோலை ஊன்றி நடந்தார். பேச்சும் வந்தது, ஆனால் சொல் மாறி வந்தது.

“மோரு” என்பார். அம்மா மோர் கொண்டுவருவார். தலையை ஆட்டுவார். “மோரு, மோரு” என்று கோபப்படுவார். கடைசியில் அவர் கேட்டது தண்ணீர் என்று தெரியும். சட்டையை வேட்டி என்றார். காலையை ராத்திரி என்றார். ஒரு நாள் தண்ணீருக்குத் தமிழ்ச் சொல் வராமல் “நீள்ளு” என்று தெலுங்கில் சரியாகச் சொல்லிவிட்டு, பரிசு வாங்கின பிள்ளைபோல எங்களைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருவர் இருந்தார். அவர் என் அம்மாவிடம் தெலுங்கில் பொறுமையாக எடுத்துச் சொன்னார்: “அவர் புத்தி எங்கயும் போகலம்மா. அலமாரியில சக்கரை டப்பாவ எடுக்கப் போய் உப்பு டப்பாவ எடுத்துடுவோமே, அது மாதிரி. கை பக்கத்து டப்பா மேல போயிடுது. அமைதியான இடத்துல வெச்சிப் பேசுங்க. பேசறத மட்டும் விட்டுடக் கூடாது. விட்டுட்டா அப்புறம் கஷ்டம்.”

அம்மா எனக்கு அதைச் சொன்னபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து டப்பா. மோரும் தண்ணீரும் குடிக்கிற வகை. சட்டையும் வேட்டியும் உடுத்துகிற வகை. காலையும் ராத்திரியும் எதிர்ப் பொருள். நைனா சட்டை கேட்க நினைத்து ஒருநாளும் மலை என்று சொன்னதில்லை. பகல் முழுக்க நான் திரையில் இழுக்கிற அம்புகளிலேதான் அவர் தவறி நடந்துகொண்டிருந்தார்.

இந்த நேரத்தில்தான் சித்தூரிலிருந்து அத்தை வந்தார். நைனாவின் அக்கா. சித்தூரில் மாங்கூழ் கம்பெனியில் சீசன் வேலை. பஸ்ஸில் ஒரு பை மாம்பழத்தோடு வந்து வாசலில் நின்றார். நைனா கோலை ஊன்றி எழுந்தார். கண் கலங்கிவிட்டது.

“போ” என்றார். “போக்கா. போ.”

அத்தை பையைக் கீழே வைக்கவில்லை. “இன்னாடா, வந்த காலோட போவச் சொல்ற?”

“வான்னு சொல்றாரு அண்ணி. வாயி அப்டி வருது” என்றார் அம்மா.

“வான்றதுக்கும் போன்றதுக்கும் வித்தியாசம் தெரியாதா ஒரு மனுஷனுக்கு?”

நைனா மறுபடி அதையே சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே தெரிகிறது தப்பு என்று. நிறுத்த முடியவில்லை. அத்தை ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். எங்கள் பக்கத்தில் கிளம்புகிறவரைக்கூடப் போ என்று சொல்ல மாட்டார்கள், போய்ட்டு வா என்பார்கள். வந்தவரை வாசலிலேயே போ என்றால் அது சாவு வீட்டுக்கும் சண்டை வீட்டுக்கும் உரிய பேச்சு.

அடுத்த வாரம் பக்கத்துத் தறி மாமா போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தார். “இன்னாமே, மச்சானுக்குப் புத்தி மாறிப்போச்சாமே? உங்க நாத்தனாரு எல்லார்க்கும் சொல்லிக்கினு இருக்குது. யாரும் போயி தொந்தரவு பண்ணாதீங்கன்னு.”

அம்மா அவசரமாகப் போனை அணைத்தார். கட்டிலில் நைனா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் பேச்சைக் குறைத்தார். முதலில் வெளியாரிடம், பிறகு என்னிடம், பிறகு அம்மாவிடமும். பேசுவதை விட்டுவிடக் கூடாது என்று அந்த ஆஸ்பத்திரி அம்மா சொன்னது எங்கள் இருவர் காதிலும் ஓடிக்கொண்டே இருந்தது. வேறு எந்தக் கவலையும் அப்போது கவலையாகத் தெரியவில்லை.

நான் என் வேலையைக் கையில் எடுத்தேன். நைனா ஒரு சொல் சொன்னால் அதன் அக்கம்பக்கத்தைத் தேட வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். வகையைப் பார், பிறகு எதிரைப் பார், பிறகு பகுதியைப் பார். அம்மா இரண்டு நாளில் தேறிவிட்டார். நைனா “சோறு” என்றால், “சோறா? இட்லியா? களியா? ரொட்டியா?” என்று அடுக்குவார். “உங்க நைனா ஓட்டலுக்கு வந்தாமாரி. நான் சர்வரு” என்று சிரிப்பார்.

சொல் கிடைத்தது. பாதிக்கு மேல் கிடைத்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நான் இன்னும் ஒரு படி போனேன். ஒவ்வொரு சாயங்காலமும் நைனாவின் எதிரில் உட்கார்ந்து, ஒன்றுக்கு நாலு சொல் கொடுத்து, எது சரி என்று கேட்டேன். பள்ளியில் என்னைப் பரீட்சைக்குத் தயார் செய்தது அப்படித்தான். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். நைனா கொஞ்ச நாள் பொறுத்துக்கொண்டார். பிறகு நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே கண்ணை மூடிக்கொள்வார்.

“தூங்கறாரா?” என்று கேட்பேன்.

“தூங்கறாமாரி கீறாரு” என்பார் அம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல நாளுக்குப் பிறகு, அவராகவே ஒரு சொல் சொன்னார். “செருப்பு.”

நான் குதித்து எழுந்தேன். “சட்டையா நைனா? துண்டா? வேட்டியா?”

“செருப்பு.”

“கால் வலிக்குதா?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. கோலை ஊன்றி வாசலுக்குப் போனார். இடது காலைச் செருப்பில் நுழைத்தார். வலது காலை நுழைக்க முடியாமல் தடவிக்கொண்டு நின்றார். முகம் தெரு முனையைப் பார்த்திருந்தது.

“ஊருக்குப் போவணும்னு சொல்றாரு போலக்கீது” என்றார் அம்மா. நைனா ஓங்கித் தலையாட்டினார்.

செருப்பிலிருந்து ஊருக்கு எங்கள் அகராதியில் அம்பு கிடையாது. செருப்பு ஊரில் ஒரு வகை இல்லை, பகுதி இல்லை, எதிர் இல்லை. காலில் போட்டால் கிளம்புவார்கள், அவ்வளவுதான். அப்படி ஒன்றோடொன்று கூடப் போகிறவற்றை நாங்கள் விட்டுவிட்டிருந்தோம். மறுநாள் மேடமிடம் கேட்டபோது, “அத ஆரம்பிச்சா முடியாதுப்பா. எல்லாமே எல்லாத்தோடயும் எங்கயாவது கூடப் போகும்” என்றார். நியாயம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அரக்கோணம் போகிற பாசஞ்சர் ரயிலைப் பிடித்தோம். ரேணிகுண்டா, புத்தூர் தாண்டியதும் நைனா ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். ஏகாம்பரகுப்பத்தில் இறங்கி ஆட்டோவில் நகரிக்குப் போனோம். தெருவுக்குள் நுழையும்போதே தறிச் சத்தம் வந்து மோதியது. நைனா வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கொட்டகைக்கு நடந்தார்.

எங்கள் ஊரில் மரியாதை என்றால் தறியை நிறுத்துவது. பெரிய மனிதர் வந்தால், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தால், தெருவில் சாவு போனால் தறி நிற்கும். கூலிக்கு ஓட்டுகிறவனுக்கு நின்ற தறி நஷ்டம். அதனால்தான் அது மரியாதை. நைனா கோலோடு வாசலில் வந்து நின்றதும் மாமா முதலில் தன் தறியை நிறுத்தினார். பிறகு வரிசையாக எல்லாம் நின்றன. அந்தக் கொட்டகையில் பகலில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை.

எல்லோரும் சுற்றி வந்து நின்றார்கள். “வா மச்சான். எப்டிக்கீற?” என்றார் மாமா.

நைனா வாயைத் திறந்தார். எல்லோரும் அந்த வாயையே பார்த்தார்கள். புத்தி மாறியதா இல்லையா என்பதை அடுத்த சொல்லில் தெரிந்துகொள்ளக் காத்திருந்தார்கள். நைனா வாயை மூடிக்கொண்டார். நெற்றியில் வேர்வை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

என்ன செய்வது என்று மாமாவுக்குத் தெரியவில்லை. “சரி மச்சான், குந்து. பாவு பாதில நிக்கிது” என்று ஸ்டூலைத் தள்ளிவிட்டுத் தறியை ஓடவிட்டார். மற்றவர்களும் தப்பித்தோம் என்று அவரவர் தறிக்குப் போனார்கள். சத்தம் மறுபடி எழுந்தது.

ஓடுகிற தறிக்கு நடுவில் யார் பேசினாலும் காதில் விழாது. அதனால் அங்கே கையால்தான் பேசுவார்கள். வலது கை தறியிலேயே இருக்கும், பேசுவது இடது கை. சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் என்னைக் கொட்டகைக்குள் விடாமல் படிக்க அனுப்பினதால் எனக்கு அது அரைகுறை.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நைனாவின் இடது கை எழுந்தது. இரண்டு விரல் கத்தரிபோல் திறந்து மூடியது. இழை அறுந்திருக்கிறது. மாமா குனிந்து தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைப் பார்த்தார், தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டார், மறுபடி ஓடவிட்டார். பிறகுதான் அவருக்கு உறைத்தது. நிமிர்ந்து நைனாவைப் பார்த்தார். கட்டைவிரலை உதட்டுக்குக் கொண்டுபோனார், டீயா என்று. நைனா உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார், அப்புறம் ஆகட்டும். மூலைத் தறிக்காரர் மீசையை முறுக்கிக் காட்டிக் கையை விரித்தார். முதலாளி ஊரில் இல்லை என்று அர்த்தம். நைனா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

இதில் இன்னொன்றையும் கவனித்தேன். கையோடு சேர்ந்து அவர் வாயும் அசைந்துகொண்டிருந்தது. என்ன சொல் வந்தது என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அவருக்கும் கேட்டிருக்காது. அவர் பேசிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் கை என் பக்கம் நீண்டது. காற்றில் எழுதுவதுபோல ஒரு சைகை, நாலு விரல், பிறகு நெற்றியில் அடித்துக்கொள்ளல். கொட்டகை முழுக்கத் தறியை விடாமலேயே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

அம்மாவும் ஒரு காலத்தில் அங்கே ஊடை நூலைக் குச்சியில் தாராகச் சுற்றினவர்தான். அவர் காதில் கத்தினேன். “இன்னா சொல்றாரு?”

“உன்னத்தான். பையன் ஒரு வார்த்த சொன்னா நாலு வார்த்த குடுத்துப் பரீட்ச வெக்கிறானாம்.”

“எத்தினி மார்க்காம்?” என்று சைகையில் கேட்டார் மாமா. நைனா கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் சேர்த்து முட்டை காட்டினார்.

திருப்பதி திரும்பியதும் பேச்சுப் பயிற்சி அம்மாவிடம் நடந்ததைச் சொன்னோம். சிலருக்கு இப்படிப் பழகின கை மிஞ்சும், எல்லாருக்கும் அமையாது என்றார். “அந்தக் கைய விடாதீங்க. கை பேசறப்போ வாயும் கூடப் பேசட்டும். தப்பா வந்தா வரட்டும்.” நான் பரீட்சையை நிறுத்தினேன். கொட்டகையில்போல வாயில் வருவது யார் காதிலும் விழாமலிருக்க, வீட்டில் மின்விசிறியை வேகமாக வைத்து, ரேடியோவைச் சத்தமாகப் போட்டோம். சந்தில் இருந்தவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். எனக்கும் அம்மா தினம் கொஞ்சம் கைப்பேச்சு கற்றுக்கொடுத்தார். நைனா திருத்துவார்.

அலுவலகத்தில் அப்போது ‘கம்’, ‘கோ’ என்ற இரண்டு சொற்களும் என் பங்குக்கு வந்தன. ஒன்றுக்கொன்று எதிர் அம்பு போட்டுவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே நடை, ஒரே கால், ஒரே வழி. திசை மட்டும் வேறு. எதிர்ச்சொல்லைத் தூரத்துச் சொல் என்றே நினைத்திருந்தேன். அகராதியில் அது தோளோடு தோள் உட்கார்ந்திருக்கிறது. இதை அத்தையிடம் சொன்னால் புரியும் என்று தோன்றியது. மதியம் போன் செய்தேன்.

“அத்தே, வா, போ ரெண்டும் ரொம்ப கிட்டத்துச் சொந்தம். அதான் நைனாவுக்கு மாறிப்போச்சு.”

“வாசப்படில நிக்க வெச்சித் தொரத்தற சொந்தமா? நல்ல சொந்தம்டா” என்றார் அத்தை. “படிச்சவன் நீ சொல்ற. நான் கேட்டுக்கறேன்.” கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆனால் மலைக்குப் போய்விட்டு இறங்கினவர், தம்பி வீட்டைத் தாண்டிப் போக மனசு வராமல் ஒரு நாள் வந்தார். மொட்டைத் தலையில் முந்தானை, கையில் பிரசாதப் பை. செருப்பைக் கழற்றாமல் படிக்கு வெளியிலேயே நின்றார். நைனா கட்டிலிலிருந்து எழுந்தார்.

“போ” என்றார். “போக்கா.”

அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். நைனா நிறுத்தவில்லை, சுவர் பக்கமும் திரும்பவில்லை. போ, போ என்று சொல்லிக்கொண்டே இடது கையை நீட்டி, நாலு விரலையும் உள்பக்கமாக இரண்டு தரம் வெடுக்கென்று மடக்கினார். தறி ஓடும்போது, தார் கொண்டு வா என்று கூப்பிடுகிற சைகை.

அத்தை அந்தக் கையையே பார்த்தார். கல்யாணமாகிச் சித்தூர் போகும்வரை அதே கொட்டகையில் தம்பிக்குத் தார் சுற்றிக் கொடுத்தவர் அவர்.

“இப்டித்தான்டா உசுர வாங்குவ. ஒரு நிமிஷம் லேட்டானா போதும்” என்றார். செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து அம்மாவைப் பார்த்தார். “வாயி போன்னுது, கை வான்னுது. நான் எத கேக்கறது?”

“கையக் கேளுங்க அண்ணி. வாயி அவரு சொன்னாவே கேக்க மாட்டுது.”

நைனா சிரித்துக்கொண்டே அடுப்பங்கரையைக் காட்டி, “மோரு” என்றார். கட்டைவிரல் உதட்டுக்குப் போனது.

“டீ போடுமே” என்றார் அத்தை. “எனக்குச் சக்கர கம்மியா.”

சாயங்காலம்வரை இருந்தார். சித்தூரில் மழை, இந்த வருஷம் தோத்தாபுரி மாங்காய்க்கு விலையில்லை, யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்று அவர் வாயால் சொல்ல, நைனா வாயும் கையுமாகப் பதில் சொன்னார். பாதி தப்பு. அத்தை தப்பைத் தாண்டித் தாண்டிக் கேட்டார். கிளம்பும்போது வாசலில் நின்று போனை எடுத்து, ஊரில் யாரிடமோ, “நல்லாத்தான்டி கீறான். வாயி மட்டும் தறிகெட்டு ஓடுது. போயிப் பாருங்க” என்றார்.

பிறகு நைனாவிடம், “போய்ட்டு வரேன்டா” என்றார்.

“வா” என்றார் நைனா.

அது சரியாக வந்ததா மாறி வந்ததா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.